ஐந்து நிமிடத்துக்கு ஒரு எண்: தொலைதூர ஐசியூவும் ஆக்சிமீட்டரும்

2021 மே மாதத்தில் தமிழ்நாட்டில் சின்னப் பிள்ளைக்குக்கூட ஒரு எண் மனப்பாடமாகியிருந்தது: 94. விரல் நுனியில் துணிக்கிளிப் மாதிரி மாட்டுகிற ஆக்சிமீட்டரில் அதற்குக் கீழே காட்டினால் ஆஸ்பத்திரி, மேலே காட்டினால் வீட்டிலேயே இருக்கலாம். தெருவுக்கு ஒரு மீட்டர் வாங்கி வீடு வீடாகக் கை மாற்றிப் பார்த்த காலம். அந்த எண்ணை யாரும் சந்தேகப்படவில்லை. தெர்மாமீட்டரைச் சந்தேகப்படுவோமா என்ன?

ஆனால் அதற்கு ஐந்து மாதம் முன்பே, 2020 டிசம்பர் 17 அன்று, நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஒரு சின்னக் கடிதம் வந்திருந்தது. மிச்சிகன் பல்கலைக்கழக டாக்டர்கள் எழுதியது. ஆக்சிமீட்டர் 92-லிருந்து 96 வரை காட்டும்போது, அதே நேரத்தில் தமனியிலிருந்து ரத்தம் எடுத்துச் சோதித்தால் உண்மையான அளவு 88-க்கும் கீழே இருக்கிறது. இது வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாக நடக்கிறது என்பதுதான் அதன் சாரம்.

இந்தக் கடிதத்தை நான் முதலில் படித்தபோது முடிவைவிட வேறொரு விஷயம்தான் உறுத்தியது. அவர்களுடைய சொந்த ஆஸ்பத்திரித் தரவு ஒரு பங்குதான். இன்னொரு பங்கு 178 ஆஸ்பத்திரிகளிலிருந்து, 2014, 2015 ஆண்டுகளில் சேர்ந்தது. கோவிட் என்ற சொல்லே பிறக்காத காலம். ஆக்சிமீட்டரைச் சோதிக்க வேண்டும் என்று யாரும் சேர்த்த தரவும் இல்லை. பிறகு எதற்காகச் சேர்த்தார்கள், யார் சேர்த்தார்கள், எப்படி வெளியே வந்தது? அதைத் தேடிப் போனதில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை.

ஐசியூ மானிட்டரை எல்லாரும் பார்த்திருப்போம், குறைந்தபட்சம் சினிமாவிலாவது. பச்சைக் கோடு இதயத்துடிப்பு, இன்னொரு கோடு ரத்த அழுத்தம், இன்னொன்று ஆக்சிஜன். இந்தக் கோடுகளை அது ஒரு நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை அளந்து வரைகிறது. வரைந்ததும் அழித்துவிடுகிறது. மறுநாள் காலையில் ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் பார்ப்பது நர்ஸ் மணிக்கு ஒருமுறை சார்ட்டில் எழுதி வைத்த எண்களை மட்டும்தான். நடுவிலிருந்த 59 நிமிடம் காற்றில் போச்சு. நோயாளியைப் பற்றி நாம் சேகரிப்பதிலேயே மிக நுணுக்கமான தகவலை, அது பிறந்த அறையை விட்டு வெளியே விடாமலே பல பத்தாண்டுகள் எறிந்துகொண்டிருந்தோம். சேர்த்து வைக்க இடமில்லை, சேர்த்து வைத்தாலும் என்ன செய்வது என்று தெரியவில்லை. இரண்டு காரணமுமே நியாயமானவைதான்.

அறையை விட்டு அதை வெளியே கொண்டுவர முதலில் ஆசைப்பட்டவர்கள் ஆராய்ச்சியாளர்கள் அல்ல, ஆள் பற்றாக்குறையில் தவித்தவர்கள். தீவிர சிகிச்சைக்கென்றே பயிற்சி பெற்ற நிபுணர்கள் அமெரிக்காவில் எப்போதுமே குறைவு. 1970களிலேயே கிளீவ்லாந்தில் பெட்டி கிரண்டி என்ற மயக்கவியல் டாக்டரும் சகாக்களும் ஒரு சோதனை செய்து பார்த்தார்கள். பெரிய பல்கலைக்கழக ஆஸ்பத்திரியின் நிபுணர்கள், நகரின் உள்ளே ஏழைப் பகுதியிலிருந்த சிறிய ஆஸ்பத்திரியின் ஐசியூ நோயாளிகளை இருவழித் தொலைக்காட்சி மூலம் பார்த்து ஆலோசனை சொன்னார்கள். நன்றாகத்தான் போனது. ஆனால் தொடர்ச்சியாகக் கண்காணிக்கிற ஏற்பாடு இல்லை அது. ஒரு நாளைக்கு ஒருமுறை ரவுண்ட்ஸ் வருவதைத் தொலைக்காட்சி வழியாகச் செய்தார்கள், அவ்வளவுதான். டாக்டர் டிவியை அணைத்த பிறகு நோயாளி பழையபடி தனிதான்.

அடுத்த பெரிய அடி விழ இருபது வருடம் ஆனது. பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் இருந்த பிரையன் ரோசன்ஃபெல்டும் மைக்கேல் பிரெஸ்லோவும் 1990களின் பிற்பகுதியில், ஐசியூ நிபுணரே இல்லாத ஓர் ஆஸ்பத்திரியின் 10 படுக்கை அறுவைசிகிச்சை ஐசியூவை எடுத்துக்கொண்டார்கள். 16 வாரம், 24 மணி நேரமும், நிபுணர்கள் தங்கள் வீட்டிலிருந்தபடியே கேமரா, மானிட்டர் எண்கள், ஆய்வக முடிவுகள் எல்லாவற்றையும் கணினியில் பார்த்தார்கள். நோயின் தீவிரத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகு, முந்தைய இரண்டு காலகட்டங்களோடு ஒப்பிட்டால் ஐசியூ இறப்பு 46 முதல் 68 சதவீதம் குறைந்ததாக 2000-ல் வெளியிட்டார்கள். கண்ணைக் கட்டுகிற எண். பத்தே படுக்கை, முன்-பின் ஒப்பீடு என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

அவர்கள் அதற்காகக் காத்திருக்கவில்லை. 1998-லேயே விசிகு என்ற கம்பெனியைத் தொடங்கிவிட்டார்கள். 2000-ல் வர்ஜீனியாவின் நார்ஃபோக் நகரில் சென்டாரா ஆஸ்பத்திரிக் குழுமம் முதல் வாடிக்கையாளரானது. ஒரு கட்டடத்தில் வரிசையாகத் திரைகள், அதன் முன்னால் ஒரு டாக்டர், சில நர்ஸ்கள். அந்த ஒரு அறையிலிருந்து பல ஐசியூக்கள். இதற்கு அவர்கள் வைத்த பெயர் ஈ-ஐசியூ. சென்டாராவில் ஆஸ்பத்திரி இறப்பு 12.9 சதவீதத்திலிருந்து 9.4 ஆகக் குறைந்தது என்று 2004-ல் பிரெஸ்லோ குழு எழுதியது. 2008-ல் பிலிப்ஸ் இந்தக் கம்பெனியை வாங்கியது.

தொலைவிலிருந்து பார்த்தால் உண்மையிலேயே உயிர் பிழைக்கிறதா? இங்கேதான் கதை கொஞ்சம் கலங்குகிறது. 2009-ல் டெக்சஸில் ஆறு ஐசியூக்களை வைத்து நடந்த ஆய்வில் ஒட்டுமொத்த இறப்பில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. அந்த ஆய்வில் என்னை நிறுத்திய தகவல் வேறு: அங்கிருந்த டாக்டர்கள் தொலைதூரக் குழுவுக்கு முழுச் சிகிச்சை அதிகாரம் கொடுத்தது ஏறக்குறைய 31 சதவீத நோயாளிகளுக்கு மட்டும். மற்றவர்கள் விஷயத்தில், ராத்திரி மூன்று மணிக்குத் திரையில் ஏதோ தப்பாகத் தெரிந்தாலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. பார்க்கலாம், தொடக் கூடாது என்று சொன்ன மாதிரி. 2011-ல் மாசசூசெட்ஸின் வூஸ்டர் நகரிலிருந்து வந்த ஆய்வில், தொலைதூரக் குழுவை அன்றாட வேலைக்குள்ளேயே இழுத்துக்கொண்ட இடத்தில், ஆஸ்பத்திரி இறப்பு 13.6-லிருந்து 11.8 சதவீதமாகக் குறைந்திருந்தது. ஆக, கேமரா மட்டும் எதையும் காப்பாற்றுவதில்லை. என் வாசிப்பில், அந்த வியாபாரம் விற்ற பொருளைப் பற்றிய வழக்கு இன்றும் முழுசாக முடியவில்லை.

ஆனால் இந்த ஏற்பாடு ஒரு மிச்சத்தை உண்டாக்கியது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

நார்ஃபோக்கில் இருக்கிற டாக்டருக்கு வேறொரு ஊர் நோயாளியின் நாடித்துடிப்பு தெரிய வேண்டுமென்றால், மானிட்டரிலிருந்து எண் கம்பி வழியாக வெளியே வந்தே ஆக வேண்டும். வெளியே வந்த எண்ணைச் சேமிப்பது சுலபம். ஈ-ஐசியூ அமைப்பில் மானிட்டரிலிருந்து நிமிடத்துக்கு ஒரு சராசரி வரும். ஐந்து நிமிடத்து எண்களை வரிசைப்படுத்தி நடுவில் நிற்கிற எண்ணைக் காப்பகத்தில் போட்டுவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு எண் என்றால் நாளைக்கு 288. மணிக்கு ஒருமுறை எழுதும் சார்ட்டோடு ஒப்பிட்டால் பெரிய முன்னேற்றம். மானிட்டர் வரைகிற அலையோடு ஒப்பிட்டால் எலும்பும் தோலும் மட்டும். ஆனாலும் அது அழிக்கப்படவில்லை. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகக் குவிந்தது.

குவிந்தது கம்பெனிக்குள்ளேயே கிடந்திருக்கலாம். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும். இது வெளியே வந்ததற்குக் காரணம், பாஸ்டனில் வேறொரு கோஷ்டி நாற்பது வருடமாகப் பிடிவாதமாகச் செய்துவந்த ஒரு வேலை.

எம்ஐடியில் ரோஜர் மார்க், ஜார்ஜ் மூடி என்று இருவர். மார்க் டாக்டர், எஞ்சினியர் இரண்டும். 1975-லிருந்து 1979 வரை பாஸ்டன் பெத் இஸ்ரேல் ஆஸ்பத்திரியில் பதிவான ஈசிஜிக்களிலிருந்து 47 பேருடைய 48 அரைமணிநேரத் துண்டுகளை எடுத்தார்கள். ஒவ்வொரு துடிப்பையும் இரண்டு இதயநோய் டாக்டர்கள் தனித்தனியாகப் பார்த்துக் குறித்தார்கள், முரண்பட்டால் உட்கார்ந்து பேசித் தீர்த்தார்கள். மொத்தம் ஒரு லட்சத்துக்கும் மேல் துடிப்புகள். 1980-ல் இதை அரை அங்குலக் காந்த நாடாவில் எழுதிக் கேட்டவர்களுக்கெல்லாம் அனுப்பத் தொடங்கினார்கள். 1989-ல் சிடி. இதயத்துடிப்புக் கோளாறைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் செய்கிற யாரும் இன்றும் முதலில் ஓட்டிப் பார்ப்பது அந்த 48 துண்டில்தான். அதுவரை ஒவ்வொரு கம்பெனியும் தன் தரவில் தன் கருவியைச் சோதித்துத் தானே பாஸ் போட்டுக்கொண்டிருந்தது. எல்லாரும் ஒரே வினாத்தாளை எழுத வேண்டிவந்த பிறகுதான் யார் எவ்வளவு என்று தெரிந்தது.

அடுத்து ஐசியூ. 1990களில் அதே ஆஸ்பத்திரியின் மானிட்டர்களிலிருந்து அழிந்துபோகிற அலைகளை அப்படியே பிடித்து, 90-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளை 1996-ல் மிமிக் என்ற பெயரில் வெளியிட்டார்கள். ஒரு பதிவே பெரும்பாலும் 20 மணி நேரத்துக்கு மேல். 1999-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் பணத்தில் ஃபிசியோநெட் தொடங்கியது. இனிமேல் நாடாவும் வேண்டாம், சிடியும் வேண்டாம். எந்த ஊரிலிருந்தும் இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம். ஒரு ஐசியூ படுக்கைக்கு மேலே ஓடின கோட்டை உலகத்தின் மறுமுனையில் இருக்கிற மாணவன் தன் அறையிலிருந்து பார்ப்பது அங்கேதான் தொடங்குகிறது. மிமிக் பிறகு வளர்ந்தது. 2016-ல் விவரிக்கப்பட்ட மூன்றாவது பதிப்பில் 2001 முதல் 2012 வரையிலான 53,423 பெரியவர் அனுமதிகள்.

மிமிக்கின் பலவீனம் அது ஒரே ஒரு ஆஸ்பத்திரி என்பது. பாஸ்டன் டாக்டர்களின் பழக்கம் என்னவோ அதுதான் தரவின் பழக்கம். பிலிப்ஸிடம் நூற்றுக்கணக்கான ஆஸ்பத்திரிகள், எம்ஐடியிடம் பகிரும் அனுபவம். இரண்டும் சேர்ந்தன. 2018-ல் வெளியான ஈ-ஐசியூ கூட்டு ஆராய்ச்சித் தரவுத்தளத்தில் 208 ஆஸ்பத்திரிகள், 2,00,859 ஐசியூ அனுமதிகள், 1,39,367 நோயாளிகள். அந்த ஐந்து நிமிட எண்கள் இருக்கிற ஒரு அட்டவணையில் மட்டும் 14 கோடிக்கும் மேல் வரிகள்.

சரி, இவ்வளவு பேரின் சாவும் பிழைப்பும் இணையத்தில் கிடப்பது முறையா? இந்தக் கேள்வியை எளிதாகத் தாண்டிவிடக் கூடாது. தனித்தனியாக யாரிடமும் சம்மதம் கேட்கவில்லை. நினைவில்லாமல் வென்டிலேட்டரில் கிடந்தவரிடம் எப்படிக் கேட்பது என்பது ஒரு பதில். முழுப் பதில் இல்லை. அவர்கள் செய்தது அடையாளத்தை அழிப்பது. பெயர், ஊர், ஆஸ்பத்திரிப் பெயர் கிடையாது. 89 வயதுக்கு மேற்பட்டவர்கள் எல்லாருக்கும் 89-க்கு மேல் என்று ஒரே குறிப்பு, ஏனென்றால் 103 வயதுக்காரரைக் கண்டுபிடிப்பது சுலபம். தேதியே கிடையாது, ஐசியூவுக்குள் வந்த கணம் பூஜ்ஜியம், மற்றதெல்லாம் அதிலிருந்து எத்தனை நிமிடம் என்ற கணக்கு. மிமிக்கில் வேறு வழி: தேதிகளை எதிர்காலத்துக்குத் தள்ளிவிட்டார்கள், நோயாளிகள் 2100-க்குப் பிறகு அட்மிட் ஆகிறார்கள். முதல்முறை திறப்பவருக்குச் சிரிப்பு வரும். இந்த இரண்டையும் திறக்க ஆராய்ச்சி நெறிமுறைப் பயிற்சி ஒன்றை முடிக்க வேண்டும், யாரையும் அடையாளம் காண முயல மாட்டேன் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். பணம் கட்ட வேண்டாம். 2023-ல் சாட்ஜிபிடி மாதிரியான சேவைகள் பரவியதும், இந்தத் தரவை அப்படியே எடுத்து அங்கே ஒட்டாதீர்கள் என்று ஃபிசியோநெட் தனியாகச் சொல்ல வேண்டிவந்தது. அப்படி ஒட்டிப் பார்த்தவர்கள் இருந்திருப்பார்கள் என்று ஊகிக்கலாம்.

இனி ஆக்சிமீட்டர்.

அதைக் கண்டுபிடித்தவர் டக்குவோ அயோயாகி, டோக்கியோவின் நிஹோன் கோடன் கம்பெனி எஞ்சினியர். 1970களின் தொடக்கத்தில் அவர் தேடியது வேறு ஒன்று: காதில் ஒளியைச் செலுத்தி, ரத்தத்தில் செலுத்திய சாயம் எவ்வளவு கரைந்தது என்று பார்த்து இதயம் தள்ளும் ரத்தத்தின் அளவைக் கணக்கிடுவது. நாடி ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் வரைபடம் அதிர்ந்து தொல்லை கொடுத்தது. அந்த அதிர்வை நீக்கப் பார்த்தவர், அதற்குள்ளேயே தமனி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு ஒளிந்திருப்பதைக் கண்டார். 2020 ஏப்ரலில், உலகமே அவர் கருவியைத் தேடி அலைந்த நேரத்தில், 84 வயதில் இறந்தார்.

கருவி அளப்பது சிவப்பு ஒளியும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியும் விரலில் எவ்வளவு தேங்குகின்றன என்கிற விகிதத்தை. விகிதத்தை ஆக்சிஜன் சதவீதமாக மாற்ற ஒரு அட்டவணை வேண்டும். அதை ஆரோக்கியமான தன்னார்வலர்களைக் குறைந்த ஆக்சிஜன் சுவாசிக்க வைத்து, ரத்தம் எடுத்துத் தயாரிப்பார்கள். அந்தத் தன்னார்வலர்களில் பெரும்பாலோர் வெளிர்த்தோல்காரர்கள். தோலின் மெலனினும் ஒளியை விழுங்கும். நாடியோடு துடிக்கிற பங்கை மட்டும் எடுப்பதால் தோல் நிறம் தானே கழிந்துவிடும் என்பது நம்பிக்கை. 1990-லேயே ஜூப்ரானும் டோபினும் வென்டிலேட்டரில் இருந்த கறுப்பின நோயாளிகளிடம் பிழை அதிகம் என்று எழுதினார்கள். 2005-ல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பிக்லர் குழு, கருத்த தோலில் ஆக்சிஜன் குறையக் குறையக் கருவி கூட்டிக் காட்டுகிறது என்று எழுதியது. யாரும் பெரிதாக அசையவில்லை. கொஞ்சம் பேரிடம் கண்ட சின்னப் பிழைதானே.

2020 ஆகஸ்டில் எம்ஐடியின் மானிடவியலாளர் ஏமி மோரன்-தாமஸ், கணவருக்குக் கோவிட் வந்து வீட்டில் ஆக்சிமீட்டர் வாங்கிய அனுபவத்திலிருந்து கிளம்பி, அந்தப் பழைய ஆய்வுகளைத் தோண்டி பாஸ்டன் ரிவ்யூ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். அது மிச்சிகனில் மைக்கேல் ஷோடிங் குழுவின் கண்ணில் பட்டது. அவர்களுடைய ஐசியூவிலும் மீட்டரும் ரத்தச் சோதனையும் முரண்படுவதைப் பார்த்திருந்தார்கள். ஆகஸ்டில் கட்டுரை, டிசம்பரில் விடை. புதிதாக ஒரு ஆய்வு தொடங்கியிருந்தால் அனுமதி வாங்கவே அந்த நான்கு மாதம் போதாது. ரத்தம் எடுத்த நிமிடத்துக்கு முன் பத்து நிமிடத்துக்குள் பதிவான ஆக்சிமீட்டர் எண்ணைத் தேடி ஜோடி சேர்த்தார்கள். 178 ஆஸ்பத்திரித் தரவில் 37,308 ஜோடிகள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை யாரோ எதற்கோ சேர்த்து வைத்த எண் இல்லையென்றால் இந்த ஜோடி இல்லை. மணிக்கு ஒருமுறை எழுதும் சார்ட்டில் இதைச் செய்ய முடியாது. மீட்டர் 92–96 காட்டியும் ரத்தம் 88-க்குக் கீழே இருந்தது வெள்ளையரில் 6.2 சதவீத ஜோடிகளில், கறுப்பினத்தவரில் 17.0 சதவீதத்தில். மிச்சிகன் தரவில் 3.6, 11.7. தனித்தனியாகச் சேர்ந்த இரண்டு தரவு, ஒரே திசை.

அடுத்து மிமிக்கின் நான்காம் பதிப்பை வைத்து 2022-ல் ஒரு ஆய்வு: ஆசிய, கறுப்பின, ஹிஸ்பானிய நோயாளிகளுக்கு மீட்டர் கூட்டிக் காட்டிய அளவுக்கு ஏற்ப ஆக்சிஜனும் குறைவாகத்தான் கொடுக்கப்பட்டிருந்தது. எண் பொய் சொன்னால் கை அதை நம்புகிறது.

நமக்கு இங்கே ஒரு சிக்கல். இந்தத் தரவுத்தளங்களில் இருப்பது இனம் என்கிற ஒரு கட்டம், தோல் நிறம் அல்ல. ஆசியர் என்ற அந்தக் கட்டத்தில் பெய்ஜிங்காரரும் உண்டு, பெரம்பலூர்க்காரரும் உண்டு. இருவரையும் கூட்டிச் சராசரி எடுத்தால் வருவது இருவருக்குமே பொருந்தாத ஒரு எண். மேலும் இவையெல்லாம் ஐசியூவில் ரத்தம் எடுக்கும் நிலைக்குப் போனவர்கள். 2021-ல் நம் வீட்டு மீட்டர் எத்தனை பேரிடம் தப்பாகச் சொன்னது என்று இந்த 37,308 ஜோடியிலிருந்து கணக்குப் போட முடியாது. போடுகிறேன் என்று யாராவது வாட்ஸப்பில் அனுப்பினால் நம்பாதீர்கள்.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் 2013 விதிப்படி ஒரு ஆக்சிமீட்டரைச் சோதிக்கப் பத்துப் பேர் போதும். அதில் கருத்த தோல்காரர் இரண்டு பேர், அல்லது 15 சதவீதம், எது அதிகமோ அது. 2025 ஜனவரியில் வெளியிட்ட வரைவில் குறைந்தது 150 பேர், தோல் நிறத்தை மாங்க் என்ற பத்துப்படி அளவுகோலில் குறிக்க வேண்டும் என்று வந்திருக்கிறது.

அதற்கு முன்பே ஃபிசியோநெட்டில் இன்னொரு தரவுத் தொகுப்பு சேர்ந்துவிட்டது. சான் பிரான்சிஸ்கோ குழு போட்டது, பெயர் ஓப்பன் ஆக்சிமெட்ரி. அதில் ஆக்சிமீட்டர் எண், ரத்தச் சோதனை எண், இரண்டுக்கும் பக்கத்தில், கருவி வைத்து அளந்த தோல் நிறமும் இருக்கிறது.